மருந்துச் சீட்டின் மூலையில் ஓர் எண்: சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து எழுதும்போது

அந்தப் பாட்டிக்கு இடது விலாவைச் சுற்றி அக்கி வந்திருந்தது. கொப்புளங்களின் மேல் காவி பூசி அக்கி எழுதிவிட்டு, மூன்றாம் நாள் என்னிடம் அழைத்து வந்தார்கள். வயது 68, எடை 42 கிலோ. நான்கு மாதத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாளில் கிரியேட்டினின் 1.6 என்று இருந்தது; சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவு அது. பார்த்தேன், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அசைக்ளோவிர் 800 மி.கி., நாளொன்றுக்கு ஐந்து வேளை என்று எழுதினேன். சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அதுதான் சரியான அளவு.

நான்காம் நாள் காலையில் மருமகள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார். பாட்டியின் கைகள் தூக்கித் தூக்கிப் போட்டன. "நான் செத்துப்போய் ரெண்டு நாளாகிறது, இன்னும் ஏன் எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தார். கிரியேட்டினின் 4.1. விசாரித்தபோதுதான் தெரிந்தது: வலி பொறுக்காமல் மருந்துக்கடையில் செட் மாத்திரை வாங்கி, காலையும் இரவும் போட்டிருக்கிறார். அதில் டைக்ளோஃபெனாக் இருந்தது. ஏற்கெனவே தளர்ந்திருந்த சிறுநீரகத்தை வலி மாத்திரை இன்னும் சுருக்கியது. வெளியேற வழியில்லாத அசைக்ளோவிர் உடம்பில் தேங்கி மூளையைத் தாக்கியது. இரண்டு முறை டயாலிசிஸ் செய்த பிறகு தெளிந்து எழுந்தார். வீட்டுக்குப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அந்த நன்றியை வாங்கிக்கொள்ளும் தகுதி அன்று எனக்கு இல்லை. நான் எழுதிய சீட்டுதான் அவரை அங்கே படுக்க வைத்தது.

பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து மருந்தின் பெயரை எழுதும் முன்பு, சீட்டின் வலது மேல் மூலையில் சிறுநீரகம் எந்த அளவுக்கு வேலை செய்கிறது என்ற எண்ணையும், அது எந்தத் தேதியின் எண் என்பதையும் எழுதிவிடுகிறேன். காவிரிக் கரையில் உள்ள ஒரு சிறிய ஊரில் இருபத்து நான்கு ஆண்டுகளாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் மருத்துவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன். சிறுநீரக நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் இதைப் படிக்கலாம். ஆனால் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். சந்தேகத்தை எழுதிக்கொண்டு போய் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கிரியேட்டினின் பொய் சொல்லும் இடம்

எங்கள் பக்கத்தில் கிரியேட்டினினை "உப்பு" என்றுதான் சொல்வார்கள். "உப்பு 1.4 தான் டாக்டர், கொஞ்சம்தான் கூட" என்பார்கள். அந்தக் "கொஞ்சம்தான்" யாருடைய உடம்பில் என்பதைப் பொறுத்தது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது. தசை வற்றிய உடம்பில் அது குறைவாகவே உண்டாகும்; சிறுநீரகம் பாதி படுத்துவிட்டாலும் எண் பெரிதாக ஏறாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். காக்ராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட சூத்திரம் இன்றும் மருந்தளவுக்குப் பயன்படுகிறது. 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்குங்கள். கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வரும் எண்ணால் அதை வகுங்கள். பெண்ணாக இருந்தால் விடையை 0.85-ஆல் பெருக்குங்கள். சிறுநீரகம் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்பதன் மதிப்பீடு அது. கிரியேட்டினின் 1.4 உள்ள 35 வயது ஆண், 75 கிலோ: நிமிடத்துக்கு 78 மி.லி. வருகிறது. அதே 1.4 உள்ள 72 வயதுப் பெண், 40 கிலோ: 23 மி.லி. தாளில் இருவருக்கும் ஒரே எண். ஒருவருக்குப் பெரும்பாலான மருந்துகளை முழு அளவில் கொடுக்கலாம், மற்றவருக்குப் பாதி மருந்துகள் ஆபத்து.

இப்போது பல பரிசோதனைக் கூடங்கள் ஜி.எஃப்.ஆர். என்ற பெயரில் சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைத் தாமே கணக்கிட்டு அச்சிடுகின்றன. பெரும்பாலும் அது சி.கே.டி-எபி என்ற இன்னொரு சூத்திரம். நல்ல வசதிதான். ஆனால் அது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ள ஓர் ஆளுக்குச் சமப்படுத்திச் சொல்லும் எண். மேலே சொன்ன 72 வயது அம்மாவுக்கு 2021-ஆம் ஆண்டுச் சூத்திரத்தின்படி 40 என்று வரும். அவர் உயரம் 148 செ.மீ. என்றால் உடற்பரப்பு ஏறத்தாழ 1.28 சதுர மீட்டர்தான்; அதற்கேற்ப மாற்றினால் 30. காக்ராஃப்ட்–கால்ட் சொல்வது 23. மூன்று எண்களில் எது உண்மை என்று நாள் முழுக்க வாதிடலாம். நான் என்ன செய்கிறேன் என்றால், மெலிந்த முதியவர்களிடம், அளவு மீறினால் நஞ்சாகும் மருந்துகளுக்கு, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்கிறேன். நடுத்தர உடம்பு உள்ளவருக்குத் தாளில் அச்சிட்டிருப்பதே போதும்.

சூத்திரங்கள் எல்லாமே கிரியேட்டினின் நிலையாக இருக்கும்போதுதான் பொருந்தும். நேற்று 1.5, இன்று 2.6 என்று ஏறிக்கொண்டிருப்பவருக்கு இன்றைய கணக்கு 30 என்று காட்டினாலும் உண்மையில் அவர் சிறுநீரகம் கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கக்கூடும். சிறுநீர் வற்றிவிட்டால் எண்ணைப் பார்க்காதீர்கள். 10-க்கும் கீழே என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர் காய்ச்சலோடோ, வாந்தி வயிற்றுப்போக்கோடோ வந்தால் பழைய தாளை ஏற்கக் கூடாது. ஒரு கிரியேட்டினின் பரிசோதனைக்கு ஆகும் செலவு ஒரு வாரத்து மாத்திரைச் செலவைவிடக் குறைவு. பாட்டியிடம் நான் அன்று கேட்டிருக்க வேண்டியது அந்த ஒரு பரிசோதனையைத்தான்.

மஞ்சள் பையைக் கொட்டச் சொல்லுங்கள்

"என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால் "சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று" என்பார்கள். வலி மாத்திரையைச் சொல்லமாட்டார்கள். அது அவர்களுக்கு மருந்துக் கணக்கில் வராது. கஷாயமும் சூரணமும் வராது. பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததும் வராது. அதனால் அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன். மேசையில் கொட்டிவிட்டு ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையின் பின்புறம் உள்ள சேர்மானத்தைப் படிக்கிறேன். பத்து நிமிடம் ஆகும். வெளியே கூட்டம் முணுமுணுக்கும். பரவாயில்லை.

அப்படிக் கொட்டிய பைகளில் நான் கண்டவை: ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில், இரண்டையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்த மெட்ஃபார்மின் ஒரு பக்கம், தனியார் மருத்துவர் எழுதிய கிளிமிபிரைடு–மெட்ஃபார்மின் கூட்டு மாத்திரை இன்னொரு பக்கம். 2021-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தால் எங்கள் ஊரில் எத்தனையோ பேர் மருந்தை விடாமல் சாப்பிடுகிறார்கள். அது பெரிய நன்மை. ஆனால் இரண்டு இடத்தில் மருந்து வாங்குபவரிடம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வேலை நம்முடையது.

கூட்டு மாத்திரைகள்தான் நம்மை ஏமாற்றும். "மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டேன்" என்று மருத்துவர் குறிப்பில் எழுதியிருப்பார். கூட்டு மாத்திரைக்குள் அது போய்க்கொண்டிருக்கும். வலிக்கான கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் என்ற பெயர் பெரிதாகத் தெரியும். கூடவே அசெக்ளோஃபெனாக் இருக்கும்.

நாட்டு மருந்தைக் கேட்கும்போது கோபம் கூடாது. கோபித்தால் அடுத்த முறை மறைப்பார்கள். ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி போன்ற செடிகளில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை நார்போல் இறுக்கிவிடும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிய மூலிகைப் பொடி சாப்பிட்ட பெண்களிடம்தான் இது முதலில் வெளிச்சத்துக்கு வந்தது. பாதரசம் சேர்ந்த மருந்துகளால் சிறுநீரில் புரதம் கொட்டும் ஒரு வகை நோய் வருவதை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் 2022-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பல நோயாளிகளுக்கு அந்த மருந்தை நிறுத்தியதுமே குறைந்தது. சித்த மருத்துவம் முழுவதையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பெயரும் சேர்மானமும் எழுதாத பொட்டலம் எதுவாக இருந்தாலும், சிறுநீரகம் தளர்ந்தவர் அதைச் சாப்பிடக் கூடாது.

வலி

இந்த ஒரு பகுதியை மட்டும் படித்துவிட்டு மற்றதை மறந்தாலும் பல பேர் பிழைப்பார்கள்.

நாற்று நடும் பெண்கள் நாள் முழுவதும் குனிந்து நிற்கிறார்கள். சித்திரை வெயிலில் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள் தண்ணீர் குடிக்கவே நேரமில்லாமல் உழைக்கிறார்கள். மாலையில் இடுப்பு வலிக்கு ஓர் ஊசி, ஒரு செட் மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபனமிக் அமிலம், நிமெசுலைடு, எட்டோரிகாக்சிப்: எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றுக்கு இதம் என்று சொல்லி விற்கப்படும் எட்டோரிகாக்சிப் சிறுநீரகத்துக்கு இதம் இல்லை. உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தக் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரைகள் அதைத்தான் அடக்குகின்றன.

நோயாளி ஏற்கெனவே எனாலாப்ரில் அல்லது டெல்மிசார்டன் போன்ற ரத்த அழுத்த மருந்தும், ஃப்ரூசமைடு போன்ற நீர் மாத்திரையும் சாப்பிடுபவர் என்றால், மூன்றாவதாக வலி மாத்திரை சேரும்போது சிறுநீரகம் மூன்று பக்கமும் அடைபட்டுப்போகும். நீர் மாத்திரை ரத்தத்தின் அளவைக் குறைக்கிறது. வலி மாத்திரை உள்ளே வரும் குழாயைச் சுருக்குகிறது. அழுத்த மருந்து வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. வடிகட்ட வேண்டிய இடத்தில் அழுத்தமே இல்லாமல் போகிறது. அப்படி வந்தவர்களை நான் எண்ணி வைக்கவில்லை. வைத்திருந்தால் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கும்.

அப்படியானால் வலிக்கு என்ன கொடுப்பது? பாராசிட்டமால். 500 அல்லது 650 மி.கி., ஆறு முதல் எட்டு மணிக்கு ஒரு முறை. மெலிந்த முதியவருக்கு நாள் ஒன்றுக்கு 2 கிராமைத் தாண்ட விடமாட்டேன். மூட்டு வலிக்குச் சுடுநீர் ஒத்தடம், தொடைத் தசைக்குப் பயிற்சி. டிராமடால் தேவைப்பட்டால், சீட்டின் மூலையில் எழுதும் அந்த எண் 30-க்குக் கீழே இருப்பவருக்கு (இனி 30-க்குக் கீழே, 45-க்குக் கீழே என்று சொல்வதெல்லாம் அந்த எண்ணைத்தான்) 12 மணிக்கு ஒரு முறைதான், நாளுக்கு 200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. நான் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்கிறேன். மார்ஃபினின் கழிவு வெளியேறாமல் உடம்பில் தேங்கி மூச்சை அடக்கும். புற்றுநோய் வலிக்கு ஃபென்டனில் மேல்.

கால் எரிச்சலுக்குப் பிரிகாபலின் 75 மி.கி. இரண்டு வேளை எழுதுவது கைப்பழக்கமாகிவிட்டது. ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருப்பவருக்கு அது தள்ளாட்டம். இரவில் 25 மி.கி.யில் தொடங்குங்கள். கேபாபென்டின் என்றால் இரவில் 100 மி.கி. "அம்மா எந்நேரமும் தூங்குகிறார், கையில் இருக்கும் டம்ளர் விழுகிறது" என்று பிள்ளைகள் சொன்னால், பக்கவாதம் என்று ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பு சீட்டைப் பாருங்கள். தசைப்பிடிப்புக்குக் கொடுக்கும் பேக்லோஃபென் இவர்களுக்கு வேண்டவே வேண்டாம், 10 மி.கி. மாத்திரை சிலவற்றிலேயே நினைவிழந்தவர்கள் உண்டு.

சர்க்கரை மருந்துகள்

சிறுநீரகம் தளரத் தளர இன்சுலின் உடம்பில் அதிக நேரம் தங்கும். நோயாளி "சர்க்கரை நன்றாகக் குறைந்துவிட்டது டாக்டர், பத்தியம் பலித்தது" என்று மகிழ்ச்சியாகச் சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும். உடனே கிரியேட்டினின் பார்ப்பேன். இன்சுலின் அளவை 25 சதவீதம் குறைக்க வேண்டிவரும். டயாலிசிஸ் நிலைக்குப் போனவருக்குப் பாதியாகவும் ஆகலாம்.

கிளிபென்கிளமைடை எழுதாதீர்கள். அதன் கழிவும் சர்க்கரையை இறக்கும், நள்ளிரவில் இறக்கும். கிளிமிபிரைடு என்றால் 1 மி.கி.யில் தொடங்க வேண்டும். இவர்களுக்கு கிளிபிசைடோ கிளிக்லசைடோ மேல். மெட்ஃபார்மின் 30-க்குக் கீழே கிடையாது. 30 முதல் 45 வரை புதிதாகத் தொடங்கக் கூடாது. முன்பிருந்தே சாப்பிடுபவருக்கு நாளுக்கு 1,000 மி.கி.யோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கிளிப்டின் என்று முடியும் சர்க்கரை மாத்திரைகளில் லினாகிளிப்டினுக்கு அளவு மாற்ற வேண்டாம். சிட்டாகிளிப்டின் 100 மி.கி. என்பது 45-க்குக் கீழே 50, 30-க்குக் கீழே 25. வில்டாகிளிப்டின் 50-க்குக் கீழே போனால் ஒரு வேளை மட்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகள். டாபாகிளிஃப்ளோசினை 25 வரையிலும், எம்பாகிளிஃப்ளோசினை 20 வரையிலும் தொடங்கலாம். முதல் சில வாரங்களில் கிரியேட்டினின் சற்றே ஏறும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம்.

நிறுத்தக் கூடாததை நிறுத்துவதும் பிழைதான்

குறைப்பதும் நிறுத்துவதும் மட்டும் பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எனாலாப்ரில், டெல்மிசார்டன் வகை மருந்துகள் சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிக்குப் பல ஆண்டுகளைக் கூட்டித் தருபவை. தொடங்கி இரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். கிரியேட்டினின் முன்பிருந்ததைவிட 30 சதவீதம் வரை ஏறினால் தொடரலாம். 1.5 என்பது 1.9 ஆனால் பரவாயில்லை, 2.3 ஆனால் நிறுத்தி, நீர் வற்றியிருக்கிறாரா, வலி மாத்திரை சாப்பிட்டாரா, சிறுநீரக ரத்தக் குழாயில் சுருக்கம் இருக்கிறதா என்று தேட வேண்டும். பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டினால் உணவையும் மற்ற மருந்துகளையும் சரிபார்த்து அளவைக் குறைக்க வேண்டும். 6-ஐத் தாண்டினால் அன்றே இ.சி.ஜி. எடுத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

பொட்டாசியம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று யோசிக்க வேண்டும். ஸ்பைரனோலாக்டோன் சாப்பிடுபவருக்குச் சிறுநீர்த் தொற்று என்று கோ-டிரைமாக்சசோல் எழுதினால், இரண்டும் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றி ஒரே வாரத்தில் இதயத்தை நிறுத்தக்கூடும். நீர்க்கடுப்புக்குக் கொடுக்கும் பொட்டாசியம் சிட்ரேட் சிரப், "ரத்த அழுத்தக்காரருக்கு நல்லது" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பு, வெயிலுக்கு இதமான இளநீர், எல்லாவற்றிலும் பொட்டாசியம்தான். இளநீரை வேண்டாம் என்று சொல்வது எங்கள் ஊரில் கடினம். காரணத்தைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஆம்லோடிபின், அட்டார்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால் ஆகியவற்றை அப்படியே கொடுக்கலாம். அட்டெனலால் அப்படியல்ல, அது தேங்கி நாடித் துடிப்பைக் குறைக்கும். நாடித் துடிப்பு 44-உடன் மயங்கி விழுந்த ஒரு பெரியவர் எட்டு ஆண்டுகளாக அதே 50 மி.கி. அட்டெனலாலைச் சாப்பிட்டு வந்தார். மாத்திரை மாறவில்லை, சிறுநீரகம்தான் மாறியிருந்தது. ஆம்லோடிபினால் வரும் கால் வீக்கத்தைச் சிறுநீரக வீக்கம் என்று எண்ணி நீர் மாத்திரை எழுதுவதையும் அடிக்கடி பார்க்கிறேன்.

கிருமிக்கொல்லிகள்

இங்கே இளம் மருத்துவர்கள் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். ஒரு சாரார் அளவைக் குறைப்பதே இல்லை. இன்னொரு சாரார் பயந்து முதல் டோஸிலேயே குறைத்துவிடுகிறார்கள். நோயாளி கிருமியிடம் தோற்றுப்போகிறார். முதல் டோஸை முழுதாகக் கொடுங்கள். உடம்பை மருந்தால் நிரப்புவது முதல் டோஸ். அதற்குச் சிறுநீரகத்தோடு தொடர்பில்லை. அடுத்தடுத்த டோஸ்களில்தான் அளவைக் குறைப்பதோ இடைவெளியை நீட்டுவதோ வர வேண்டும். லெவோஃப்ளோக்சசின் 750 மி.கி. முதல் நாள், 20 முதல் 49 வரை உள்ளவருக்கு அதற்குப் பின் ஒரு நாள் விட்டு ஒரு நாள். சிப்ரோஃப்ளோக்சசின் 30-க்குக் கீழே நாளுக்கு ஒரு வேளை. அமாக்சிசிலின்–கிளாவுலனேட் 30-க்குக் கீழே 875 மி.கி. மாத்திரை கூடாது, 500 மி.கி. அளவுள்ளதை 12 மணிக்கு ஒரு முறை.

செஃப்ட்ரையாக்சோன், டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் மூன்றுக்கும் கணக்கே வேண்டாம். நைட்ரோஃபுரான்டாயின் 30-க்குக் கீழே சிறுநீரில் போதுமான அளவு சேராது, நரம்பை மட்டும் கெடுக்கும். நான் 45-க்குக் கீழேயே தயங்குகிறேன். ஜென்டாமைசின், அமிக்காசின் ஊசிகளை வேறு வழியிருக்கும்போது தொடமாட்டேன். செஃபிபைம் போடும் நோயாளி உளறினால், கை துள்ளினால், காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சொல்லும் முன்பு அளவைப் பாருங்கள். அசைக்ளோவிர் 800 மி.கி. என்பது 25-க்குக் கீழே மூன்று வேளை, 10-க்குக் கீழே இரண்டு வேளை, கூடவே தண்ணீர் தாராளமாக. இதை எனக்கு யாரும் மீண்டும் சொல்லித்தர வேண்டியதில்லை.

காசநோய்க்கு ரிஃபாம்பிசினும் ஐசோனியசிடும் வழக்கம்போலத் தினமும், பிரிடாக்சின் என்ற பி6 வைட்டமினைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எதாம்புட்டாலும் பைரசினமைடும் 30-க்குக் கீழே வாரத்துக்கு மூன்று நாள்தான். தினசரி மருந்து எல்லாம் ஒரே கூட்டு மாத்திரையாக வருவதால் இவர்களுக்குத் தனித்தனி மாத்திரை கேட்டு வாங்க வேண்டும். எதாம்புட்டால் தேங்கினால் பார்வை போகும். மாதம் ஒரு முறை பச்சை, சிவப்பு நிறங்களைப் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

வேறு சில மருந்துகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூரிக் அமிலத்துக்கு அல்லோபியூரினால் 50 மி.கி.யில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். 300-இல் தொடங்குவது தவறு. கால்சிசின் சாப்பிடுபவருக்கு கிளாரித்ரோமைசின் கொடுப்பது உயிரோடு விளையாடுவது. மூட்டு வாதத்துக்கு வாரம் ஒரு நாள் சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட் 30-க்குக் கீழே கூடாது. வாய்ப்புண்ணோடு வந்தால் உடனே ரத்த அணுக்களை எண்ணுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபாரின் ஊசியின் முழு அளவு 30-க்குக் கீழே நாளுக்கு ஒரு முறைதான். டயாலிசிஸ் செய்பவருக்கு, நாளுக்கு ஒரு முறை கொடுக்கும் கிருமிக்கொல்லியை டயாலிசிஸ் முடிந்த பின் கொடுங்கள்; முன்னே கொடுத்தால் இயந்திரத்தோடு போய்விடும்.

வாந்தி வயிற்றுப்போக்கு வரும் நாள்

சீட்டின் பின்புறம் நான் கைப்பட எழுதிக் கொடுப்பது இது ஒன்றைத்தான். வாந்தியோ பேதியோ கடும் காய்ச்சலோ வந்து சாப்பிட முடியவில்லை என்றால், ரத்த அழுத்தத்துக்கான எனாலாப்ரில், டெல்மிசார்டன் வகை மாத்திரை, நீர் மாத்திரை, மெட்ஃபார்மின், கிளிஃப்ளோசின் மாத்திரை ஆகியவற்றை அன்று எடுக்க வேண்டாம். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாள் ஆன பின் தொடரவும். இரண்டு நாளில் சரியாகவில்லை என்றால் என்னிடம் வரவும். எந்த மாத்திரை என்பதைப் பெயர் சொல்லி, அட்டையில் பேனாவால் வட்டமிட்டுக் காட்ட வேண்டும். "பிரஷர் மாத்திரை" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். இன்சுலினை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அதை முழுவதுமாக நிறுத்தக் கூடாது, சர்க்கரையைப் பார்த்து அளவைச் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படித்த பேத்தி யார் என்று கேட்டு, அந்தப் பெண்ணிடம் தொலைபேசியில் சொல்கிறேன்.

அந்தப் பாட்டி அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் வாழ்ந்தார். மருமகள் மூலையில் எண் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் அட்டையோடு வைத்திருந்தார். பல் பிடுங்கப் போன இடத்தில் அதை நீட்டியிருக்கிறார். பல் மருத்துவர் அங்கிருந்தே என்னைத் தொலைபேசியில் அழைத்து, "இந்த அம்மாவுக்கு 22 என்று எழுதியிருக்கிறீர்களே, வலிக்கு எதைக் கொடுக்கட்டும்?" என்று கேட்டார். பாராசிட்டமால் 500 மி.கி., ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம் என்று சொன்னேன்.